மூடிய இமைக்குப் பின்னால்

ஹியூபர்ட்டின் மூடிய இமைமேல் டாக்டர் துளசி குளிர்ந்த களிம்பைப் பிதுக்கியதும் அகதா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அடி தலையிலதான் டாக்டர். கண்ணுல இல்ல."

"தெரியும் ஆன்ட்டி. மண்டைக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கான்னு இங்கேருந்தே பாக்கலாம். அதுக்காக ஓட்டை போட வேணாம்லா."

அகதா கையை எடுத்தாள். காலையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் கோணிப்பை கிழிந்துபோனதால், உதிரிப் பழங்களைப் பொறுக்கிப் போடக் கணவனின் தலைக்கவசத்தைக் கேட்டவள் அவள்தான். "என் தலையவிட ஒனக்குப் பழம்தான் பெருசு" என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். அடுத்த மரத்தில் அவன் வெட்டிய மட்டை சுழன்று வந்து வெறுந்தலையில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தான், பேசவும் செய்தான். மத்தியானம் வாந்தி எடுத்தான். அதன்பின் கூப்பிட்டால் முனகல் மட்டும்தான். மூளை வீங்கியிருக்கிறது, மருந்துக்கு இறங்காவிட்டால் மண்டையைத் திறக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

துளசி சிறு கருவியை இமைமேல் அழுத்தாமல் வைத்தார். திரையில் ஒரு கறுத்த வட்டம் எழுந்தது. அதன் பின்னாலிருந்து கறுப்புப் பட்டை ஒன்று உள்ளே இறங்கியது.

"வட்டம் கண்ணு. அந்தப் பட்டை கண் நரம்போட உறை. மூளையச் சுத்தியிருக்கிற தண்ணி அதுக்குள்ளயும் வரும். உள்ள நெருக்குனா உப்பிக்கும். இப்ப உப்பித்தான் இருக்கு."

அகதா பயத்தையும் மறந்து பார்த்தாள். தினமும் பக்கத்துத் தலையணையில் கிடக்கும் தலை. அதற்குள் ஒரு நீர்நிலை, அதன் கரை கண்ணுக்குப் பின்னால். உயர்ந்த மரத்தில் குலை பழுத்துவிட்டதா என்று யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களே சொல்லிவிடும். மனிதத் தலைக்கும் அப்படியொரு மரத்தடியை வைத்திருக்கிறானே ஆண்டவன்!

வெளியே வெயில் தணிந்தபோது துளசி மறுபடியும் வந்தார். மீண்டும் களிம்பு, மீண்டும் வட்டம். திரையையே உற்றுப் பார்த்தார்.

"பட்டை கொஞ்சம் மெலிஞ்ச மாதிரிதான் இருக்கு. இன்னும் பாக்கணும்."

ஹியூபர்ட்டின் உதடுகள் அசைந்தன. "பழம்... கொட்டிட்டியா?"

"கொட்டலங்க," என்றாள் அகதா. "தொப்பியிலேயே இருக்கு."

களிம்பு மினுங்கிய இமைக்கடியில் விழி அவள் குரல் வந்த பக்கம் உருண்டது. திரையில் அந்தக் கறுத்த வட்டமும், இருண்ட நிலவு ஒன்றைப் போல, மெல்லத் திரும்பியது.