பார்சல் அளவு

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஐயாதுரைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: பெண்டாட்டிக்கு டீ சுமக்கிறவன். கேலிதான். அவனுக்கோ அதில் பெருமை. பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கும் காளீஸ்வரிக்குப் பதினோரு வருடமாகக் காலையிலும் சாயங்காலமும் கொதிக்கக் கொதிக்கப் பாலித்தீன் கவரில் பார்சல் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறான். முப்பத்தாறு வயதில் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து சீனி போடாத தனி டீ. ஒல்லி உடம்புக்காரி, இனிப்பைத் தொடாதவள், அவளுக்கு ஏன் வந்தது என்ற கேள்விதான் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் அனுசியா, கம்பெனிப் பெண்கள் இருபது பேரிடம் சிறுநீர் வாங்கிச் சோதித்தாள். பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கும் ரசாயனம் சூடு பட்டால் உணவில் இறங்கும், உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதத்தை அது கெடுக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது என்றாள். இருபது பேரில் காளீஸ்வரிக்குத்தான் அந்த ரசாயனத்தின் அளவு அதிகம். ஐந்து நாளைக்குச் சூடான எதையும் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐயாதுரை அன்றைக்கே எவர்சில்வர் தூக்குவாளி வாங்கிவிட்டான்.

ஐந்து நாள் கழித்து மற்ற பத்தொன்பது பேருக்கும் அளவு இறங்கியிருந்தது. காளீஸ்வரிக்கு இறங்கவில்லை. கள்ளத்தனமாக எதையோ வாங்கித் தின்கிறாள் என்று கம்பெனியில் முணுமுணுத்தார்கள். அவள் அழுதே விட்டாள். அனுசியா நேரே கடைக்கு வந்து, வழக்கம்போல டீ போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐயாதுரை டீயை ஆற்றினான். இடது கை தானாக ஒரு பாலித்தீன் கவரை உருவி ஊதிப் பிரித்தது. முடிச்சுப் போடும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வரை ஊற்றினான். பிறகு கவரைத் தூக்குவாளியில் கவிழ்த்தான்.

"அண்ணே, கவர் எதுக்கு?"

"அளவுக்கு மேடம். ஒரு பார்சல்னா இந்தா, இம்புட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவன் கையிலிருந்த காலிக் கவரைப் பார்த்தான். கவர் இல்லாமல் பார்சல் அளக்க அவன் கைக்குத் தெரியாது. அந்தக் கை செய்த வேலை ஐந்து நாளும் அவன் கண்ணிலேயே படவில்லை.

அடுத்த மூன்று நாளும் கிளாசில் அளந்து ஊற்றினான். நான்காம் நாள் காளீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து அனுசியா காட்டிய தாளில் அளவு கால்பங்குக்கும் கீழே இருந்தது. மூன்றே நாளில். ஐயாதுரை அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அப்படியானால் சர்க்கரையும் போய்விடுமா என்று கேட்டான். அப்படிச் சொல்ல முடியாது, சர்க்கரைக்குக் காரணம் பல, இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம், மாத்திரையை விடக் கூடாது என்றாள். ஆனால் இந்த ரசாயனத்தை உடம்பு சேர்த்து வைப்பதில்லை, ஓரிரு நாளில் வெளியே தள்ளிவிடும், தினமும் இரண்டு வேளை புதிதாக வந்துகொண்டிருந்ததால்தான் தீரவே இல்லை என்றும் சொன்னாள்.

அனுசியா போனதும் ஐயாதுரை அடுப்பை அணைத்தான். பட்டப்பகலில் அந்தக் கடை அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏட்டி, பாசம்னு நெனச்சு நாந்தானட்டி ஊத்தியிருக்கேன்."

காளீஸ்வரி கோபப்படவில்லை. தன் கையை வேறு யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க ஊத்துனீக. இந்த ஒடம்பு வெளிய தள்ளிருக்கு. பதினோரு வருசத்துல ஒரு நா சலிச்சுக்கலயே. எனக்கே தெரியாம எம்புட்டு வேல பாத்துருக்கு பாருங்க."

அவனுக்குக் குற்ற உணர்ச்சி இருக்கத்தான் செய்தது, ஆனால் பிரமிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த ஒல்லி உடம்பைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. ரோட்டில் ஆள் போகிறதே என்றுகூடப் பார்க்காமல் கும்பிட்டான்.