புண்ணுக்கு மேல் புது சொக்ஸ்

ராகலை முதியோர் இல்லத்தில் வீரம்மாவின் கட்டிலருகே போனாலே எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வலது கால் பெருவிரலுக்கு அடியில் சின்னக் கொப்புளமாகத் தொடங்கிய புண், இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால் ஆறாமல் பாதம் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே வேலை செய்த ஜெயந்தினி தினமும் உப்புத் தண்ணீரில் கழுவித் துணி கட்டினாள். டொக்டரிடம் காட்டுங்கள் என்று நிர்வாகி ஆண்டியப்பனிடம் எத்தனையோ தடவை கெஞ்சினாள். ஒரு கிழவிக்காக வாகனம் பிடிக்க முடியாது, எல்லோரையும் பார்க்க டொக்டர் வரப்போகிறார், அதுவரை பொறு என்றார் அவர்.

டொக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொழும்பிலிருந்து அன்பளிப்புக்காரர்களும் வந்தார்கள். விடிந்ததும் முதியவர்களைக் குளிக்கவைத்து, புது உடுப்புப் போட்டு, கூடத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். குளிரில் நடுங்கிய மூக்கன் என்ற முதியவர் கம்பளி கேட்டார். படத்தில் நன்றாக இருக்காது என்று மறுத்துவிட்டார்கள்.

ஆண்டியப்பன் ஜெயந்தினியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு சோடி வெள்ளை சொக்ஸையும் செண்ட் போத்தலையும் கொடுத்தார்.

"கெழவி காலுல இத மாட்டிவிடு. வந்தவங்க மொகம் சுளிக்கக் கூடாது."

"டொக்டர் பாக்க வேண்டியதே அந்தக் காலைத்தானுங்களே ஐயா?"

"சொன்னதச் செய்."

அவள் துணிக் கட்டை அவிழ்த்துவிட்டுப் புண்ணுக்கு மேல் சொக்ஸை மாட்டி, செண்டை அடித்தாள்.

டொக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டார், கேமராவைப் பார்த்தார், ஒரே மாதிரியான மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினார். காலைப் பாருங்க சாமி என்று முனகிய வீரம்மாவிடம், வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அவளுக்கும் ஒன்றை நீட்டினார்.

ஜெயந்தினி குனிந்து சொக்ஸை உருவினாள். சீழோடு தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. படம் எடுத்தவன் பின்வாங்கினான். அன்பளிப்புக்காரப் பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டொக்டரோ கைக்குட்டையால் மூக்கை மூடி, இவளை ஏன் இங்கே உட்காரவைத்தீர்கள் என்று ஆண்டியப்பனைக் கடிந்துகொண்டார்.

ஜெயந்தினி அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. ரோட்டில் நின்ற ஆட்டோக்காரன் சப்ராஸின் வண்டியில் வீரம்மாவைத் தூக்கி ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் சிங்களப் பெண் டொக்டர் ஒருவர் கையுறை மாட்டி, பாதத்தைத் தாங்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு லேட்?" தெரிந்த தமிழில் கேட்டார்.



கணுக்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள். வீரம்மா பிழைத்தாள். அந்தப் பெண் டொக்டர் மாதம் ஒரு சனிக்கிழமை தானாகவே இல்லத்துக்கு வரத் தொடங்கினார். கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்தார். ஜெயந்தினியை வேலையிலிருந்து நிறுத்தத்தான் ஆண்டியப்பன் நினைத்திருந்தார். டொக்டர் வந்ததும் முதலில் அவளைத்தான் தேடினார் என்பதால் விட்டுவிட்டார்.

அடுத்த மாதமே வாசலில் பெரிய பலகை ஏறியது. சிரித்த முகத்தோடு ஆண்டியப்பனின் படம். அதன் கீழே, அவருடைய அயராத முயற்சியால் முதியோருக்கு மாதாந்த வைத்திய சேவை.

சக்கர நாற்காலியில் இருந்த வீரம்மா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஜெயந்தினி வாசித்துக் காட்டினாள். வீரம்மா வாயிலிருந்த வெற்றிலையைக் காறித் துப்பினாள்.

"உள்ள கொண்டு போ புள்ள."