ஷெஹாத்தா கடையின் முதல் கரண்டி

கெய்ரோவில் சையிதா ஸைனப் பள்ளிவாசல் பக்கம் வந்து ஷெஹாத்தா கடை எங்கே என்று கேட்டால், கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இதுகூடத் தெரியாத ஆளா என்று. அந்த ஷெஹாத்தா நான்தான். பெரிய அவரைக்கொட்டை செப்புப் பானையில் ராத்திரி முழுக்கக் குழைய வெந்து, சீரகமும் எலுமிச்சையும் எண்ணெயும் சேர்ந்து தட்டுக்கு வந்தால் அதுதான் ஃபூல். காலையில் அதைத் தின்றுவிட்டு மூட்டை தூக்கப் போகிறவனுக்குச் சாயங்காலம் வரை பசிக்காது. கறி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் திடமாக வளர்வது இதனால்தான். என் கையில் அதன் வாசனை எப்போதும் உண்டு. என் கல்யாணத்தன்றுகூட அதைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை. பெண்வீட்டார் மூக்கைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் ஒரே மகள் நக்லாவைக் கேட்டு எலக்ட்ரீஷியன் வக்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தான், தன் அம்மா இன்ஷிராஹோடு. நானும் மாப்பிள்ளையும் கைகோர்த்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்கு முன் எங்கள் கடை வழக்கம் ஒன்று உண்டு. பானையைத் திறந்ததும் முதல் கரண்டி விருந்தாளிக்கு.

தட்டை வைத்தேன். பையன் தொடவில்லை.

“அவனுக்கு வயிறு சரியில்லண்ணே,” என்றாள் இன்ஷிராஹ், முக்காட்டை இழுத்துவிட்டபடி.

“என் ஃபூல் தின்னு வயிறு கெட்டவன் இந்தத் தெருவுலயே இல்லம்மா.”

“ஃபூல் தின்னா மூளை மந்தமாயிடும்னு மாப்பிள்ளைக்குப் பயம் போல!” என்றான் மூலையிலிருந்து வாடிக்கைக்காரன் ஸெய்தூன். கடையே சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

“இந்தப் பானையாலதான் என் மக வளந்தா. இது எளப்பம்னா அவளும் எளப்பம். என் பானைய மதிக்காதவனுக்குப் பொண்ணு கெடையாது. எழுந்து போ!”

வக்தியின் முகம் வெளுத்தது. ரொட்டியைப் பிய்த்தான். ஃபூலில் தோய்த்தான். “வேணாம்டா...” என்று அவன் அம்மா முனகினாள். அவன் வாய்க்குக் கொண்டுபோனான்.

உள்ளேயிருந்து ஓடிவந்த நக்லா அவன் கையைத் தட்டிவிட்டாள். ரொட்டி என் சட்டையில் வந்து விழுந்தது.

“சாகறதுக்கா வந்தீங்க?” என்று அவனிடம் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அப்பா, இவருக்கு இந்தக் கொட்டை விஷம். ரத்தத்துல பிறவிக் குறை. சின்ன வயசுல இதையே பச்சையாத் தின்னு, கண்ணு மஞ்சளாகி, மூத்திரம் கட்டன் டீ மாதிரி போயி, ரத்தம் ஏத்தித்தான் பொழைச்சாரு. எங்கிட்ட மொதல்லயே சொல்லிட்டாரு.”

“நான்தான் வெளிய சொல்ல விடல,” என்று அழுதாள் இன்ஷிராஹ். “அது அம்மா வழியா வந்ததுன்னு டாக்டர் சொன்னாரு. என் வழியா. இத்தனை பேர் முன்னால எப்படிண்ணே சொல்லுவேன்?”

என் கடையில், என் கையால் ஓர் உயிர் போயிருக்கும்.

“தெரிஞ்சுமாடா தின்னப் போன?”

“ஒரு வாய்தானே மாமா, தாங்கிடலாம்னு நெனச்சேன். நக்லா இல்லாம...”

“ஒரு வாயும் கெடையாது, முட்டாப் பயலே!” என்று கத்தினேன். கத்தும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நக்லாவைப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றாள். கடை நிறைய ஆள் இருக்கும்போது அப்பன் போட்டதைத் தட்டிவிட எவளுக்குத் துணிச்சல் வரும்? என் மகளுக்கு வந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

சட்டையைக் கழற்றி எறிந்தேன். குழாயடிக்குப் போய், நகக்கண் முதல் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

“முதலாளி, கல்யாணத்தன்னைக்கே கழுவாத கையாச்சே!” என்றான் ஸெய்தூன்.

“அது என் கல்யாணம்டா. இது என் மக கல்யாணம்,” என்று சொல்லிவிட்டு, ஈரக் கையை வக்தியிடம் நீட்டினேன்.