கதவில்லாத கணப்பு

கண்ணாடியில் மறுபடியும் அந்த மூச்சு, யாரோ கிட்டப்போய் ஊதியதுபோல, என் முகத்தின் உயரத்தில், வட்டமாக, துடைத்தால் போகிறது, நாற்காலிக்குத் திரும்புவதற்குள் வந்துவிடுகிறது, அறையில் என்னைத் தவிர யாருமில்லை, ஜன்னல்கள் பூட்டியிருக்கின்றன, வெளியே ஜெர்மன் பனி. அண்ணை, உங்கட கண்ணாடிப் பேய்ச் சீமாட்டி இண்டைக்கும் வந்திட்டாவோ, என்னைப்போலவே பக்கத்து அறையில் காவலிருக்கும் திரவியநாதன் எட்டிப் பார்க்கிறான், அவவுக்கு உங்களிலை ஒரு கண், கலியாணம் பேசட்டோ, சிரித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்கிறான், இஞ்சை வந்தாலே தலையிடி அண்ணை.

இந்த மாளிகையைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் ஓயாது, ஒரு கோமகன் கட்டியது, கூரையெங்கும் பொன் பூசிய சுதைத் தேவதைகள், ஒரு மெழுகுவர்த்தி நூறாகத் தெரியவேண்டுமென்று எதிரெதிரே கண்ணாடிகள், பின்னர் போர்க்கால மருத்துவமனை, இப்போது சீட்டு வாங்கிய யாரும் நுழையும் அருங்காட்சியகம், மூலையில் அந்த வெள்ளைப் பீங்கான் கணப்பைப் பாருங்கள், ஆளைவிட உயரம், விறகு போடக் கதவே கிடையாது, கரி படிந்த வேலைக்காரன் கோமகன் கண்ணில் படக்கூடாது, ஆகவே சுவருக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய வழி, அதில் குனிந்து போய்ப் பின்பக்கத்தால் விறகு தள்ளுவார்கள், சூடு மட்டும் அறைக்குள் வரும், குனிந்து குனிந்து அந்த வழியில் நானும் போகிறேன், அது பதுங்குகுழியாகிறது, தலைக்கு மேல் பனங்குற்றிகள், மண்மூட்டைகள், வன்னியில் மழை, குளிருது என்கிறாள் தங்கச்சி, அம்மா தணல் நிறைந்த கரிச்சட்டியைப் பங்கருக்குள் இறக்கி வாசலைத் தகரத்தால் மூடுகிறாள், புகையே இல்லை, என்ன இதம், என்ன நித்திரை, பொன் தேவதைகள் ஒவ்வொன்றாகக் குழிக்குள் இறங்குகின்றன, தங்கச்சி என் மடியில், எழுப்பாதை அண்ணா, விடிய நான் எழும்பினேன், அவள் எழும்பவில்லை.

தினமும் இந்த நாற்காலியில் இருக்கும்போது தங்கச்சி வருகிறாள், திங்கட்கிழமை மட்டும் வருவதில்லை, பூட்டிய மாளிகையில் நான் தூசி தட்ட வரும் திங்களில் கண்ணாடியும் தெளிவு, என் தலையும் தெளிவு, திங்களில் கீழே தேநீர்க்கடைக்கும் விடுமுறை, ஏன் இதை நினைக்கிறேன், பக்கத்து அறையில் சத்தமே இல்லையே, கால்கள் கனக்க எழுந்து போகிறேன், திரவியநாதன் நாடி நெஞ்சில் தொட உறங்குகிறான், டேய் தம்பி, உலுக்குகிறேன், எழுப்பாதேங்கோ அண்ணை, நல்ல இதமாக் கிடக்கு.

அந்த இதம் எனக்குத் தெரியும். நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தேன், அபாயமணி அலறியது, பனிக்காற்று உள்ளே பாய, கன்னத்தில் அறைந்து அறைந்து அவனைப் படிக்கட்டு வரை இழுத்தேன், விசரே உங்களுக்கு, என்று அவன் ஏசியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு தீயணைப்புக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், தேநீர்க்கடையின் எரிவாயுக் கொதிகலனை என்றோ கணப்பின் பழைய புகைபோக்கியில் இணைத்திருந்தார்கள், இலையுதிர் காலத்தில் கூரை திருத்த வந்தவர்கள் அது பாவனையில் இல்லையென்று மேலே தகரத்தால் மூடிவிட்டார்கள், போக வழியில்லாத நச்சுவாயு, அன்றைய கரிச்சட்டியின் அதே நஞ்சு, கணப்பின் இடுக்குகளால் அறைக்குள் வந்தது, அதோடு வந்த நீராவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்தது. கொதிகலனை நிறுத்தினார்கள், தகரத்தைக் கழற்றினார்கள். இப்போது கண்ணாடியில் மூச்சு இல்லை.