தெருக்கோடியிலிருந்து வரும் கொட்டாவி

அந்தத் தெருவில் எல்லோருக்குமாகக் கொட்டாவி ஒன்றுதான் இருந்தது. மதியம் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதை விடுவார். கல்லாவில் இருக்கும் அவர் மனைவி வாங்கிக்கொள்வாள். அவளிடமிருந்து பட்டன் தைக்கிற பெண், தையல்காரரின் நாய், பேக்கரிப் பூனை, தபால்காரர் என்று கடைசி வீடுவரை போய்விட்டு, கடை சாத்தும் நேரத்துக்கு அவர் வாய்க்கே திரும்பி வரும். கொஞ்சம் கசங்கியிருக்கும், அவ்வளவுதான். ஒட்டுதல் இருக்கிற இடத்துக்குத்தான் அது தாவும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மாமியார்கள் மருமகள்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் மனைவியின் தம்பி, பாதாளச் சாக்கடையில் இறங்கி வேலை செய்கிறவன், குளிக்கக்கூட நிற்காமல் சிரித்த முகத்தோடு கடை வாசலுக்கு வந்தான். உள்ளே ஹோட்டல் மேனேஜர் நின்றிருந்தார்; கடையின் பாதிப் பிழைப்பு அவர் போடுகிற படுக்கை விரிப்புகள். மூக்கைப் பொத்திக்கொண்டு, யார் இவன் என்றார். வாய் கூசாமல் சலவைக்கடைக்காரர் சொன்னார்: "தெரியலைங்க. யாரோ."

"ஆமாங்க, கடை மாறி வந்துட்டேன்" என்று மச்சானும் ஒத்து ஊதிவிட்டுப் போனான். திரைக்குப் பின்னால் துணி பிரித்துக்கொண்டிருந்த மனைவி அத்தனையும் கேட்டாள்.

அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள். ஆனால் அவர் விட்ட கொட்டாவி அவள் உதடுவரை போய் நின்றுவிட்டது. போக்கிடம் இல்லாமல் அது துணிகளில் இறங்கியது; ஹோட்டலில் படுத்தவர்கள் அறையைக் காலி செய்ய எழுந்திருக்கவில்லை, மேனேஜர் வேறு கடை பார்த்துக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. தையல்காரரின் நாய் தினமும் மதியம் வாசலில் வந்து உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தது. பெண்டாட்டிக்கே அவரைப் பிடிக்கவில்லை என்று தெருவுக்கே வெட்டவெளிச்சமானது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை அகலமாகத் திறந்து பொய்யாகவும் விட்டுப் பார்த்தார். ஒரு பூனைகூட ஏமாறவில்லை.

இரண்டு மழைக்காலம் போனபின், தெருக்கோடியில் இருந்த அந்த ஹோட்டல் வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டது. குழியிலிருந்து மச்சான் ஏறி வருவதற்கும் மேனேஜர் வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. சலவைக்கடைக்காரர் தெரு நெடுக நடந்து போய் அந்த ஈரத் தோளில் கையை வைத்தார்.

"ஐயா, இவன் என் மச்சான். அன்னிக்குத் தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எதுக்கு மாமா இதெல்லாம்? பொண்ணு பொறந்திருக்கான்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். இப்போ நடக்குறா" என்றான் மச்சான்.

அவரால் தலை நிமிர முடியவில்லை. அதனால், வேலை முடிந்த களைப்பில் மச்சான் விட்ட கொட்டாவியை அவர் பார்க்கவில்லை. அது அவரைத் தாண்டி, தபால்காரர், பூனை, நாய் என்று தலைகீழாகத் தெருவில் ஏறிப் போனது. அவர் கடைக்குத் திரும்பியபோது மனைவி அவரைப் பார்த்தபடியே, வாயைப் பொத்தாமல் கொட்டாவி விட்டாள். அவர் வாய் தானாகத் திறந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, கொட்டாவியில் யாருக்கும் வருவதுதான்.

இப்போதெல்லாம் கொட்டாவி தெருக்கோடியிலிருந்துதான் கிளம்புகிறது. சலவைக்கடைக்காரருக்குக் கடைசியில்தான் வரும். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார்.