இருபது கோடு

மண்ணூர் கிறிஸ்துதாஸ் வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி வந்த நாள் முதல், நாலு வருஷமாக இன்சுலின் ஊசி போட்டவள் மூத்த மருமகள் அன்னபுஷ்பம்தான். ஸ்ரீபெரும்புதூர் கம்பவுண்டர் கன்னியப்பன் சொல்லிக்கொடுத்த கணக்கு: ரெண்டு மில்லி கண்ணாடி சிரிஞ்சில் அஞ்சு கோடு மருந்து. கோயிலில் நாலு பேர், "மருமவள்னா இவதாம்மா" என்று சொல்லிவிட்டால் போதும், அடேயப்பா, அம்மாளுக்கு நடையே மாறிவிடும்.

அதற்கு வேட்டு வைத்தாள் சின்ன மருமகள் ரோஸி. கல்யாணமாகி வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. மாமனாரை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவள், ஒல்லியான ஒரு மில்லி சிரிஞ்சோடு திரும்பினாள். அதில் நாற்பது பொடிக் கோடுகள்.

"இன்சுலினுக்கு இதாங்க்கா கரெக்ட்டு. பெருசுல அரைக் கோடு தப்பினாலே மருந்து எக்கச்சக்கமா ஏறிப்பூடுமாம். இதுல இருபது கோடு எடுத்தா போதும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

அன்றிலிருந்து ஊசி ரோஸி கைக்குப் போயிற்று. "போட்டதே தெரிலம்மா" என்று வாத்தியார் தினமும் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்போ நாலு வருஷமா நான் கடப்பாரையாலயா குத்தினேன் என்று அன்னபுஷ்பத்துக்கு வயிறு எரியும். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. நேற்று வந்தவளுக்கு இவ்வளவு பவுசா?

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒல்லி சிரிஞ்சை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள். தேடட்டும், தேடி அலுத்து, "அக்கா, நீங்களே போடுங்க"ன்னு என் கிட்ட வந்து நிக்கட்டும்.

ரோஸி தேடினாள். ஆனால் அக்காவிடம் வரவில்லை. அலமாரியிலிருந்த பெரிய சிரிஞ்சை எடுத்து வெந்நீரில் கொதிக்கவைத்து, கூடத்தில் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சமையலறை வாசலிலிருந்து அன்னபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். மருந்து ஏறுகிறது. அஞ்சு தாண்டியது, பத்து தாண்டியது, கடைசிக் கோடான இருபதில் போய்த்தான் நின்றது.

"கரெக்டா இருபது கீது மாமா."

ஐயோ, பாவி! பெருசில் ஒரு கோடு என்றால் சின்னதில் நாலு கோடு. நாலு நாள் மருந்து ஒரே குத்தில் போகப்போகிறது, ஆளையே முடித்துவிடும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அன்னபுஷ்பம் உடனே கத்தவில்லை. குத்தட்டுமே, அப்போ தெரியும் இவ லட்சணம் என்று மனசு ஒரு நொடி சொன்னது. ஊசி தோலைத் தொடப்போனபோதுதான் அந்த மனசைக் கண்டு அவளுக்கே குலை நடுங்கியது.

"ஏய், நிறுத்துடி!" பாய்ந்து போய் ரோஸியின் கையைப் பிடித்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

ரோஸிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கொல்லப் பார்த்தேனே! அந்தச் சின்னதைத் தொலைச்சவளே நான்தான். இனிமே ஊசியைத் தொடமாட்டேங்க்கா, நீங்களே போடுங்க" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"நல்லவேளை நீ பார்த்தியேம்மா" என்று வாத்தியார் அன்னபுஷ்பத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்கு சர்ச்சுல ஐயர்கிட்ட சொல்லி உனக்காக ஜெபம் பண்ணச் சொல்றேன்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போனாள், அரிசி ஒட்டிய ஒல்லி சிரிஞ்சோடு வந்தாள்.

"அவ தொலைக்கல மாமா. நான்தான் ஒளிச்சு வச்சேன். பொறாமை தாங்கல."

வாத்தியார் சிரிஞ்சை வாங்கி ரோஸி கையில் கொடுத்தார். பிறகு, "ரோஸி, இதைக் கழுவிக் கொதிக்க வச்சு எடுத்தா. நீயே போடு" என்றார்.

ரோஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள், வந்தாள், எண்ணி எண்ணி மருந்து எடுத்தாள். வாத்தியார் கையை அவள் பக்கம் நீட்டினார்.

"ஸ்பிரிட் பஞ்சு எடுத்தாரட்டுமா மாமா?" என்று கேட்டாள் அன்னபுஷ்பம்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.