லேபிள் இல்லாத அறுபது பாட்டில்

"அறுபது பாட்டில் வேணும். ஆனா லேபிள் இல்லாம," என்றான் அண்ணன்.

தங்கை வத்தல், கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிவதை நிறுத்தவில்லை. துணிக்குள் கறுப்புத் திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கிராம்பும் வாரக்கணக்கில் சாராயத்தில் ஊறி, தங்களிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுச் சக்கையாகக் கிடந்தன. அடியில் இருந்த எவர்சில்வர் தொட்டியில் மை மாதிரி கறுப்பாகச் சொட்டியது. ஆண்டு முடிவு விடுமுறை நெருங்கிவிட்டால் அவளுக்கு மூச்சு விடவும் நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்து, ஈரமில்லாத இடமாகத் தேடிக் காலை வைத்து நின்றிருந்தான்.

"லேபிள் இல்லாம விக்க முடியாதுண்ணா. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"பின்னாடி பொடி எழுத்துல ஒண்ணு ஒட்டியிருக்கே, எத்தனை மில்லி, எவ்வளவு போதைன்னு, அது இருந்துட்டுப் போகட்டும். முன்னாடி இருக்கறதைச் சொல்றேன்."

முன்னால் இருப்பது அவள் முகம்.

வத்தல் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சின்ன வயசில் காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்கிற மாதிரி இருந்தாளாம். இப்போது பீப்பாயைத் தனியாளாக உருட்டுகிற உடம்பு, ஆனால் பெயர் மட்டும் காய்ந்தபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பண்டிகைக்காலச் சரக்கை முதன்முதலில் கடைகளுக்கு அனுப்பியபோது, விளம்பரக்காரர் ஒரு அழகான பெண்ணைக் கூட்டிவந்து கையில் கோப்பையைக் கொடுத்து நிறுத்தினார். வத்தல் அந்தப் பெண்ணிடம், "இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டாள். அது பாவம், "நான் இதெல்லாம் தொடறதில்லக்கா," என்றது. வத்தல் அதற்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கறை படிந்த ஏப்ரனோடு தானே போய் நின்றுகொண்டாள். படத்துக்குக் கீழே வாசகமும் அவளுடையதுதான்: நானே ஊறவைத்தது, நானே குடித்துப் பார்த்தது.

அந்தப் படம் லேபிளில் வந்தது. பஸ் நிறுத்தங்களில் ஆளுயரப் போஸ்டராகவும் வந்தது. சரக்கு பறந்தது. வீட்டில் இடி விழுந்தது.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று அண்ணன் அப்போதே குதித்தான். இந்த நாலு பேரை வத்தல் இதுவரை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆளுக்கு ஒரு பாட்டில் விற்றிருப்பாள். அண்ணனும் அண்ணியும் பேசுவதையெல்லாம் அவள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். அண்ணனோடு இருக்கும் அம்மா சொன்னதைத்தான் அப்படி விட முடியவில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் அம்மா, "ஜூஸ் கம்பெனி வச்சிருக்கா," என்பாள். "பழத்தைத்தானே பிழியறே, அதுல என்ன பொய்?" என்று வத்தலிடமே நியாயமும் பேசுவாள். அம்மா ஒரே ஒரு தடவை, வெளியாட்கள் முன்னால், இது என் மகள் செய்தது என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் வத்தலுக்கு யாருடைய சர்டிபிகேட்டும் வேண்டாம்.

"யாருக்கு அறுபது பாட்டில்?" என்று கேட்டாள்.

"வீட்டுல ஆபீஸ்காரங்களுக்கு விருந்து வைக்கறேன். புதுசா வந்திருக்கற முதலாளியம்மா வராங்க. ஊரெல்லாம் உன் சரக்கைத்தான் கேட்குது, அதான்." கொஞ்சம் இழுத்தான். "நீயும் வா. அம்மா கேட்டாங்க. ஆனா இதை நீதான் செஞ்சேன்னு வாயைத் திறக்கக் கூடாது."

ஊரெல்லாம் கேட்கிற சரக்கு வேண்டும், செய்தவள் மூஞ்சி வேண்டாம். வத்தலுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. துணியை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். இல்லாத சாறும் வந்தது.

"சரி. வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அண்ணன் போனதும் அச்சகக்காரர் வாசலில் லேபிள் கட்டுகளோடு நின்றிருந்தார். அவளுக்கு ஆரம்பத்திலிருந்து லேபிள் அடித்துத் தருபவர், வாய் ஓயாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ரோஷம் இருந்தா தர முடியாதுன்னு சொல்லியிருக்கணும்," என்றார்.

"சொன்னா வேற கடையில வாங்கிட்டு நிம்மதியா விருந்து வைப்பான். எனக்கென்ன லாபம்?" வத்தல் ஒரு நிறைந்த பாட்டிலை எடுத்து, முன்லேபிளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தாள். பாட்டிலை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. "பின்லேபிளோட கோந்துப் பக்கத்துல அச்சடிக்க முடியுமா?"

"கோந்துப் பக்கத்துல எவனாவது அடிப்பானா? அது பாட்டிலைப் பார்த்து இல்ல இருக்கும்?"

"பாட்டிலைப் பார்த்துத்தான் இருக்கணும்."

அச்சகக்காரர் அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "அடிப்பாவி. சட்டம் வெளிப்பக்கம், நீ உள்பக்கம்."

மெஷின் வீணாகும், கோந்து இளகும், தன் பெயர் கெடும் என்று திட்டிக்கொண்டே அடித்துக் கொடுத்தார். வெளியில் பார்த்தால் வழக்கமான பொடி எழுத்து, போதையின் அளவு, எச்சரிக்கை, முகவரி. உள்ளே அதே முகம், முகத்துக்குக் கீழே அதே வாசகம். முதல் பாட்டிலை இருவரும் ஊற்றிப் பார்த்தார்கள். கழுத்து காலியாகித் தோள் இறங்கியதும் முடி தெரிந்தது, அப்புறம் நெற்றி. மிச்சத்தை ஊற்ற அச்சகக்காரருக்குப் பொறுமை இல்லை, பாதியைக் குடித்தே பார்த்தார்.

அண்ணன் எதையும் சரிபார்க்காமல் எடுத்துப்போகிறவன் இல்லை. பெட்டிகளைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்னால் மொட்டை. பின்னால் பொடி எழுத்து. திருப்தியோடு ஏற்றிக்கொண்டான். அம்மாவுக்குத் தெரியாமல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒரு மடக்கு குடித்தே பழகியவன் அவன். ஒரு பாட்டிலின் அடியை உட்கார்ந்து பார்த்ததே கிடையாது.

விருந்தன்று வத்தல் பெட்டியில் இருந்ததிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டாள். கைப்பையில் உரித்தெடுத்து வைத்திருந்த முன்லேபிள்களையும் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது, விட்டுவிட்டு வர மனசு வரவில்லை, அவ்வளவுதான். அண்ணி பின்வாசல் பக்கமாகக் கையைக் காட்டினாள். வத்தல் முன்வாசல் வழியாகப் போனாள்.

கூடம் முழுக்க வட்ட மேசைகள், மேசைக்கு மேசை அவளுடைய பாட்டில்கள், கழுத்தில் மட்டும் தங்கநிற நாடா. அவள் பஸ் நிறுத்தப் போஸ்டர்களில் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருப்பது இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. காரில் வருகிறவர்கள் பஸ் நிறுத்தத்தை எங்கே பார்க்கப்போகிறார்கள்? முதலாளியம்மா நடு மேசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அம்மா, கையில் நிஜமான பழச்சாறு. வத்தலை எதிரே உட்காரவைத்தார்கள்.

"உங்க பொண்ணு என்ன செய்யறாங்க?" என்று முதலாளியம்மா மரியாதைக்குக் கேட்டார்.

"ஜூஸ் கம்பெனி வச்சிருக்கா," என்றாள் அம்மா. வத்தலின் கண்ணைப் பார்க்கவில்லை.

வத்தல் பாட்டிலை முதலாளியம்மா பக்கம் நகர்த்தி வைத்தாள். சத்தியம் சத்தியம்தான்.

முதலாளியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். இன்னொரு வாய் குடித்தார். "இது எங்க வாங்கினது? இவ்வளவு நல்லதா நான் குடிச்சதே இல்ல."

"வெளிநாட்டுச் சரக்கு மேடம்," என்றான் அண்ணன், மூச்சு விடாமல். "சொல்லிவச்சு வரவழைச்சது."

இது வத்தலுக்குச் சுருக்கென்று தைத்தது. முகத்தை மறைத்தது போதாதென்று, கையையும் வெட்டி யாரோ ஒரு ஊரானிடம் கொடுத்துவிட்டான். எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். ஊற்றினாள். சுற்றியிருந்த எல்லோருக்கும் ஊற்றினாள், கல்யாண வீட்டுக்காரி மாதிரி வஞ்சனையில்லாமல்.

முதலில் பார்த்தது ஓரத்து மேசைக்காரர். "பாட்டிலுக்குள்ள யாரோ முடி தெரியுது," என்றார். பக்கத்திலிருந்தவர்கள் அவருக்கு ஏறிவிட்டது என்று சிரித்தார்கள். அடுத்த மேசையில் நெற்றி வந்தது. அதற்கடுத்த மேசையில் இரண்டு கண்கள் வந்து, குடித்துக்கொண்டிருந்தவரை நேருக்கு நேர் பார்த்தன. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கூடத்தில் பேச்சு மாறிவிட்டது. எல்லோரும் பாட்டிலைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார்கள்.

"கீழே என்னமோ எழுதியிருக்கு," என்றார் முதலாளியம்மா. "சீக்கிரம் ஊத்துங்க, படிக்கணும்."

அண்ணன் பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தான். அவர் தரவில்லை. கடைசிச் சொட்டு வரை ஊற்றி, கண்ணாடி வழியே எழுத்துக் கூட்டிப் படித்தார். நானே ஊறவைத்தது, நானே குடித்துப் பார்த்தது. பாட்டிலைப் பார்த்தார், எதிரே இருந்தவளைப் பார்த்தார், அம்மா பக்கம் திரும்பினார்.

"இது உங்க பொண்ணு இல்ல? ஜூஸ் கம்பெனின்னு சொன்னீங்களே?"

"சும்மா அச்சுப் பிழை மேடம்," என்று உளறினான் அண்ணன். "அம்மா, நீ உள்ள போ."

வத்தல் இத்தனை நாள் எதற்காக ஏங்கினாளோ அது இப்போது அம்மாவின் வாயில் இருந்தது. இப்போதும் அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால், அதைக் கூடமே கேட்கும். அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

அம்மா பழச்சாற்றை நகர்த்தி வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பாட்டிலை வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"போட்டோ சரியில்ல," என்றாள். "நேர்ல இன்னும் லட்சணமா இருப்பா."

"அம்மா, சும்மா இரும்மா," என்றான் அண்ணன்.

"சும்மாதானேடா இருந்தேன் இத்தனை வருஷமா." முதலாளியம்மாவிடம் திரும்பினாள். "என் பொண்ணுதான். ஜூஸ் இல்ல, இதான் செய்யறா. அவ வெட்கப்படல, நான்தான் வெட்கப்பட்டேன். வெளிநாட்டுல இருந்தெல்லாம் வரல, இந்தக் கையில இருந்து வந்துச்சு."

வத்தலின் கை மேசைமேல் இருந்தது. நகக்கண்ணில் திராட்சைக் கறை. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். வத்தலுக்கு அழுகை வந்தது, அழவில்லை. அண்ணன் முன்னால் அழுவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

அண்ணன் குனிந்து அவள் காதில் சீறினான். "வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணே."

"திறந்தேனா? பாட்டிலைத் திறந்தது நீ."

அவள் எழுந்து, சுவரோரம் அடுக்கியிருந்த திறக்காத பாட்டில்கள் பக்கம் போனாள். கைப்பையிலிருந்து லேபிள்களை எடுத்தாள். அண்ணியிடம் கோந்து கேட்டுக்கொண்டு நிற்காமல், மேசையிலிருந்த சர்க்கரைப் பாகைத் தடவி ஒட்டத் தொடங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் ஒட்டினாள்.

நாலாவது பாட்டிலில் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"கோணலா ஒட்டறே," என்றாள். "மூஞ்சியைக் காட்டறதுன்னு ஆச்சு, நேரா காட்டு."